பிரெஞ்சு அலமாரி

நான் தபால்காரன், பிரெஞ்சுக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். புதுச்சேரியில் எந்தக் கடிதம் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் என் சொந்த வீட்டில் கக்கூஸ் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லையாம். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

உப்பளத்தில் மூன்று அறை வீடு. ஆட்சி மாறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பிளான் பாசாகிவிட்டது. எல்லாம் பிரெஞ்சில். அதில் கக்கூஸ் கொல்லைக் கோடியில், வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி இருந்தது. அப்போது அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சுவர் தோள் உயரம் எழும்பியபோது, மாசி மாதம், என் மனைவி செல்வாம்பாள் வாடகை வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போய்விட்டது. இனி பத்தடி நடக்கவும் ஒரு ஆள் பிடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலையில் நான் பையைத் தூக்கிக்கொண்டு போனால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை கொல்லைக்குப் போக அவள் பக்கத்து வீட்டு அஞ்சலாட்சியைத்தான் கூப்பிட வேண்டும். அஞ்சலாட்சி முகம் சுளிக்கிறவள் இல்லை. ஆனாலும் இவளுக்குக் கூச்சம். என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு அரை டம்ளர்! உதடு வெடித்துப்போயிற்று. கேட்டால், "தாகமே எடுக்கலீங்க" என்பாள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

மேஸ்திரி பாவாடையிடம் சொன்னேன்.

"அண்ணி படுக்கிற ரூமை ஒட்டியே வச்சிடலாம்ணே. கீழ தொட்டி கட்டிக்கலாம். ஆனா பிளானை மாத்திக் கையெழுத்து வாங்கியாந்துடுங்க. இல்லாட்டி இடிக்கச் சொல்லுவானுங்க" என்றான்.

பிளான் பாஸ் பண்ணுகிற ஆபீசுக்குப் போனேன். புது ஓவர்சியர் சுப்பிரமணியன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர். பிரெஞ்சு தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. நான் காட்டிய கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே எழுதியிருந்த வார்த்தையை பிரெஞ்சில் 'கபினே' என்று படிக்க வேண்டும். கக்கூஸை வெள்ளைக்காரன் நாசூக்காக அப்படித்தான் சொல்வான். அதே எழுத்தை இங்கிலீஷில் படித்தால் 'கேபினெட்'. அவர் இங்கிலீஷில் படித்தார்.

"கேபினெட்! ஒரு அலமாரியை நகர்த்தறதுக்கா என் உயிரை வாங்கறே?"

"ஐயா, அது அலமாரி இல்லீங்க. அது வந்து..."

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?"

பிளான் மேலேயே சிவப்பு மையில் எழுதினார்: கேபினெட்டை வீட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அனுமதி தேவையில்லை. கையெழுத்து, தேதி, முத்திரை. நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அது தப்பு என்கிறவர்கள் ஒரு சித்திரை மாதத்தை அரை டம்ளர் தண்ணீரில் கழித்துப் பார்க்கட்டும்.

ஆனியில் வேலை முடிந்தது. ஆடி பிறப்பதற்குள் குடிபோக வேண்டும். அதற்கும் அவர் கையெழுத்து வேண்டும். வந்தார்.

"கக்கூஸ் எங்கய்யா? பிளான்லயே காணோமே" என்று கேட்டுக்கொண்டே அறைக்குள் நுழைந்தவர், பக்கத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டார். "இது யாரைக் கேட்டுக் கட்டினது?"

"இதுதாங்க கேபினெட்டு. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க."

சிவப்பு மையைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "நான் எழுதினது அலமாரிக்கு. இதை இடி. கொல்லைக் கோடியில ஒண்ணு கட்டு. பத்து நாள்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

நாசமாய்ப் போக! பாவாடை கடப்பாரையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். வீட்டைப் பார்க்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்வாம்பாள் மெல்ல வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அலமாரின்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அலமாரியாவே இருந்துட்டுப் போவட்டுமே."

இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு இவ்வளவு குசும்பு இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

தச்சனைப் பிடித்து, பழைய தேக்கு அலமாரியின் இரட்டைக் கதவை அந்த வாசலில் மாட்டினோம். பித்தளைக் கைப்பிடி, சாவித் துவாரம் எல்லாம் உண்டு. மேலே ஒரு பலகை அடித்து நாலு போர்வையை மடித்து வைத்தோம். ஓவர்சியர் சொன்னபடி கொல்லைக் கோடியிலும் கக்கூஸ் ஒன்று கட்டி, அதில் விறகை அடுக்கினோம்.

பத்தாம் நாள் வந்தார். கொல்லைக் கோடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். விறகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து அலமாரி முன்னால் நின்றார். கதவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஏன்யா, அலமாரிக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் எதுக்கு?"

"பிரெஞ்சு அலமாரிங்க. அப்படித்தான் இருக்கும்."

செல்வாம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்த்தார். நாற்காலியில் சாய்த்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். பிறகு தன் சிவப்பு மையைப் பார்த்தார். இது தப்பு என்று எழுதினால் அதுவும் தப்பு என்று எழுத வேண்டும்.

"அலமாரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்.

"ஏங்க, ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க" என்றாள் செல்வாம்பாள்.

கொண்டுவந்தேன். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. சொம்பை என்னிடம் நீட்டினாள்.

"இன்னொரு சொம்பு."