நாற்காலி பஸ்

“இவ இங்க என்னதான்மா படிக்கிறா?”

கேட்டவர் தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து நேராக வந்திருந்தார். என் அத்தை வீட்டு முன்னறையில் நடத்தும் மழலைப் பள்ளியில் நான் கூடமாட வேலை செய்கிறேன். அத்தை வாயாலேயே பந்தல் போடுவாள் என்று தெரிந்துதானோ என்னவோ, அவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

அவர் மகள் வந்த புதிதில் யாரிடமும் பேசவில்லை. ‘ஊமைக்கோட்டான்’ என்பாள் அத்தை. ஒருநாள் பிள்ளைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விட்டார்கள். இவள் தானாக எழுந்துபோய், பழைய காலண்டரைக் கிழித்து டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள்தான் கண்டக்டர்.

“சீட்டு ஏழுதான் இருக்கு. ஒன்பது பேர் ஏறிட்டீங்க. ரெண்டு பேர் நின்னுக்கிட்டு வாங்க. ரைட், போலாம்.”

கழித்தல் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாசலில் பெற்றோர் தலை தெரிந்தால் அத்தை கை தட்டுவாள். நாற்காலிகள் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடும், மடியில் சிலேட் ஏறிவிடும். விளையாடினால்தான் பிள்ளைகளுக்குப் புத்தி வளரும் என்பதில் அத்தைக்குச் சந்தேகமே கிடையாது. அதைப் பார்த்தால் பெற்றவர்கள் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள் என்பதிலும் கிடையாது.

அன்றும் தட்டினாள். தையல்காரர் தன் மகள் முன்னால் குனிந்து, ஒன்பதில் ஏழு போனால் எத்தனை என்று கேட்டார். அவள் சிலேட்டையே பார்த்தாள். மறுபடியும் கேட்டார். தெரியாவிட்டால் நாளைக்கே டியூஷன் வீட்டில் விடப்போவதாகவும், அங்கே காலையிலிருந்து எழுத்துதான் என்றும் சொன்னார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

அந்நியர் முன்னால் எனக்கு வாய் வராது. அன்று எப்படியோ வந்தது.

“பஸ்ஸுல கண்டக்டரா இருப்பா. அதுல கணக்கெல்லாம்...”

“ஓஹோ. அப்ப லைசென்ஸும் இங்கயே குடுத்துடுவீங்களா?”

அத்தை அவசரமாகக் குறுக்கே வந்தாள். “இவ படிப்பையே பாதியில விட்டவ அண்ணே. இவ பேச்சப் போய்... இங்க விளையாட்டெல்லாம் கிடையாது.”

நான் ஒரு நாற்காலியை இழுத்து, பஸ் சீட்டு மாதிரி திருப்பிப் போட்டேன். அவரும் பார்த்துவிட்டுப் போகட்டும். சிறுமி பாதி எழுந்துவிட்டாள். அத்தை அந்த நாற்காலியை மறுபடியும் கரும்பலகைப் பக்கம் திருப்பினாள்.

தையல்காரர் தன் மகளின் பையை எடுத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். காலையில் கிழித்த டிக்கெட்டுகள் அவளுடைய மறு கைக்குள்ளேயே இருந்தன. எனக்கும் ஒரு டிக்கெட் கேட்டுக் கை நீட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூடிய கையைத் திறக்காமலே படியிறங்கிப் போனாள்.