குளிப்பாட்டியவர் சொன்னது

மூன்று வருடமாக ஜாபர் காக்கா கமருன்னிசாவின் வீட்டுப் படி ஏறவில்லை. சந்தையில் பார்த்தால் சலாம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய்விடுவார். காவலில் இறந்த அவள் கணவர் முஜிபுர் ரஹ்மானைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றியவர் அவர்தான். அவளுக்கு முகத்தை மட்டுமே காட்டினார்கள். இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது.

பெர்லினிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் அவளிடம் சாட்சி கேட்டிருந்தார். எந்த நாட்டில் நடந்த சித்திரவதையையும் அங்கே விசாரிக்கச் சட்டம் உண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியில் நடக்கும் குழு அவருடையது. உடலைக் கண்ணால் பார்த்தவர் பேச வேண்டும், பெயர் வெளியே வராது, வெள்ளிக்கிழமைக்குள் வாக்குமூலம் வேண்டும் என்றார்.

காக்காவுக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினாள். மய்யித்தின், இறந்தவரின், உடம்பில் கண்ட குறையை வெளியே சொல்லக்கூடாது, அது குளிப்பாட்டுகிறவனை நம்பி ஒப்படைத்த அமானிதம் என்று பதில் வந்தது. வியாழக்கிழமை அவளே அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“நீங்க மறைச்சு வச்சிருக்கிறது அவரோட குறையா, காக்கா? அடிச்சவனோடது இல்லையா?”

 மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் காக்கா கைலியும் தொப்பியுமாக அவள் வீட்டில் வந்து நின்றார்.

பெர்லினில் காலை பத்து மணி. இங்கே பர்மாவில் மதியம் இரண்டரை. போனில் பேசுவதைப் பர்மிய மொழியில் மாற்றிச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருந்தார். அவர்கள் இருந்த தாகேதா பகுதியில் எப்போது வேண்டுமானாலும் கரண்டு போகும் நேரம் அது. ஆனால் மொட்டை மாடியில் முஜிபுர் தன் கையால் மாட்டிய சோலார் தகடு இருந்தது. விளக்கு, போன், இணையம் எல்லாம் அதில்தான் ஓடும். விசிறிக்கு மட்டும் அது போதாது.

“அங்க வெயில் அடிக்குதான்னு கேளுங்க. எங்க கரண்டு வெயில்லதான் ஓடுது” என்று மாற்றிச் சொல்பவரிடம் சொன்னார் காக்கா. மழை என்று பதில் வந்தது. அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவருக்குப் பேசத் தைரியம் வந்தது அந்தச் சிரிப்பில்தான் போலும்.

“நீ வெளிய இரு, தங்கச்சி.”

அவள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே விசிறி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் கரண்டு போனது. விசிறி நின்றது. காக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“முதுகுல பதினோரு அடித்தடம். ரெண்டு மணிக்கட்டுலயும் கயிறு அறுத்த காயம். நான் எண்ணினேன். யாராவது ஒருநாள் கேட்பாங்கன்னு எண்ணி வச்சேன்.”

கம்பியைப் பிடித்தபடி அவள் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இத்தனை நாளும் மாரடைப்பு என்ற சொல்லோடு அவள் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இனி அது எங்கோ ஓர் அலுவலகத்தில், தேதியோடு, வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். வழக்கு வருமா, எப்போது வரும் என்று வழக்கறிஞரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கதவு திறந்தது. காக்காவின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அவருக்காகப் போட்ட தேநீர் ஆறிப்போயிருந்தது. சூடுபண்ணுகிறேன் என்றாள்.

“இப்படியே குடு” என்று வாங்கிக் கடகடவென்று குடித்தார். பிறகு கண்ணாடி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அவருக்கு அப்புறம் நான் யாரையும் குளிப்பாட்டலை, தங்கச்சி. கை வரலை. நாளைக்குப் பள்ளிவாசல் மோதினாரைப் போய்ப் பார்க்கணும். இனி மய்யித்து வந்தா என்னைக் கூப்பிடச் சொல்லணும்.”