யாரும் விழாத வார்டு

வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை: ‘யாரும் கீழே விழாத நாட்கள்: 59’. அறுபதைத் தொட்டால் அங்குள்ள நர்ஸ்களுக்கெல்லாம் மூன்று நாள் கூடுதல் விடுப்பாம். அதனால்தான் நோயாளிகளைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்கள் என்று, கணவரை அங்கே சேர்த்திருந்த தையல்காரம்மா முதலில் சந்தோஷப்பட்டாள்.

இன்று காலை வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பியவளின் கண்ணில், கணவரின் காதுக்கு மேலே ஒரு புடைப்பு பட்டது.

“என்னங்க இது?”

“பாத்ரூம் கதவு இடிச்சிருச்சு.” சொல்லிவிட்டு மூக்கைச் சொறிந்தார்.

முப்பது வருஷமாகப் பொய் சொல்லும்போதெல்லாம் சொறிகிற மூக்கு அது. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். பாத்ரூமில் இருந்தது பக்கவாட்டில் தள்ளுகிற கதவு. அது எப்படி மண்டையில் இடிக்கும்? அவருடைய உடுப்பு வேறு மாறியிருந்தது.

இளம் நர்ஸ் வலிய வந்து, “ஜூஸ் வேணுமாம்மா?” என்றாள். முகத்தைப் பார்க்கவே இல்லை.

“இவரு விழுந்தாரா?”

“இல்லையேம்மா. விழுந்திருந்தா எழுதியிருப்போமே.”

இதயத்துக்காக அவர் சாப்பிடுவது ரத்தத்தை இளக்கும் மாத்திரை. தலையில் லேசாக அடிபட்டாலும் உள்ளே கசியும், உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இப்போது பார்த்து, “நீ எப்ப வந்தே?” என்று கணவர் இரண்டாவது முறையாகக் கேட்டார்.

“உண்மையச் சொல்லுங்க!”

“விழுந்தேன்தான். பாவம், அந்தப் பொண்ணு பிள்ளையப் பாத்து ரெண்டு மாசமாச்சாம். நாளைக்கு லீவு. சொல்லாதீங்கன்னு கெஞ்சுச்சு.”

நல்ல பாவம் பார்த்தார் மனுஷன்! விறுவிறுவென்று வாசல் பலகைக்குப் போனாள். உள்ளங்கையால் 59-ஐ அழித்துவிட்டுப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதிர்ந்து, “யார் இப்படிப் பண்ணது?” என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் இளம் நர்ஸ் உடைந்து அழுதாள். “ஏழரை மணிக்கு விழுந்தார் டாக்டர். கட்டில் கம்பி தலையில பட்டுச்சு.”

ஸ்கேனில் கொஞ்சம் ரத்தக் கசிவு தெரிந்தது. மாத்திரையை நிறுத்தி, அதன் வேகத்தை முறிக்கும் மருந்து ஏற்றினார்கள்.

“சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா கஷ்டம்மா. எங்க தப்புதான்” என்றார் டாக்டர். வார்டுக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி, “இனிமே விழுந்ததைச் சொல்றவங்களுக்குத்தான் லீவு. மறைச்சா கிடையாது. வேற யாராவது விழுந்திருக்கீங்களா?” என்றார்.

தையல்காரம்மா துளியும் நம்பவில்லை. வாயால் சொல்ல யாருக்குத்தான் வராது?

எதிர்க்கட்டில் பெரியவர் மெல்லக் கையைத் தூக்கினார். “போன வாரம்.” ஜன்னலோரம் இன்னொரு கை எழுந்தது. சுவரோரம் இன்னொன்று.

நான்காவதாகக் கை தூக்கியது தலைமை நர்ஸ்.

“அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க டாக்டர். எழுத வேணாம்னு சொன்னதே நான்தான்.”