தையலக்காவுக்காக மன்றாடுவோம்

மாதா கோயில் பங்கில் அன்புப் பணிக் குழு என்று ஒன்று தொடங்கி மூன்று மாதமாகியும், அன்பு செலுத்துவதற்கு ஆள் அகப்படவில்லை.

குழுவில் பத்துப் பேர். தலைவர், ரயில் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் ஓய்ந்தாலும் பட்டம் ஓயவில்லை. எல்லாருக்கும் அவர் ஸ்டேஷன் மாஸ்டர்தான். யார் எந்தக் கிழமை நோயாளி வீட்டுக்குப் போவது, யார் ஜெபமாலை சொல்வது, யார் பாத்திரம் தேய்ப்பது என்று எல்லாவற்றையும் கால அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தார். வண்டி தயார், தண்டவாளம் தயார், ஏறத்தான் ஆளில்லை. பங்கில் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் மகள்களும் மருமகள்களும் தாராளமாக இருந்தார்கள். அவர்கள் குழுவை வாசலிலேயே நிறுத்தி, "இப்பதான் கண்ணசந்தாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஏழைகளோ, வேலைக்குப் போய்விடுவதால் பகலில் வீட்டில் இருப்பதில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான், பங்குக்கே துணி தைத்துக் கொடுக்கும் தையலக்கா முக்காலியிலிருந்து விழுந்தாள்.

ஜன்னலுக்குத் திரை மாட்ட ஏறியவள், திரையோடு இறங்கினாள். கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். வீட்டில் அவளும் புருஷனும்தான். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். வெந்நீர் வைக்கச் சொன்னாலும் டர்பன்டைன் வாசனையோடுதான் வைப்பார். ஒரே மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு தொலைவுக்குப் போய்விட்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது குழுவுக்கு. அன்று மாலையே பத்துப் பேரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்று, சிரித்துவிடக் கூடாது என்று பாடுபட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார்கள்.

பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதிலும் சூப் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். கையில் எப்போதும் தூக்குவாளியில் சூப் இருப்பதால் அந்தப் பெயர். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தையலக்கா வாந்தி எடுத்த நாளில், முகம் சுளிக்காமல் பேசினைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிவிட்டவர் அவர்தான். பெற்ற மகள் செய்திருப்பாளா என்று நினைத்துத் தையலக்கா அழுதாள். அந்த அழுகைதான் பின்னால் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். "நல்லா நடங்கம்மா, உக்காந்தே இருந்தாதான் கெட்டுப்போகும்" என்றார் டாக்டர். அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். வாசலில் சூப் டீச்சர் தூக்குவாளியோடு நின்றிருந்தார்.

"ஐயோ, நடந்தா வந்தீங்க!"

"கட்டுப் பிரிச்சாச்சு டீச்சர். எலும்பு கூடிருச்சாம்."

"எலும்பு கூடும் அக்கா. உடம்பு கூட வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, டீச்சர் நேரே உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தார். தேய்க்கப் பாத்திரம் இல்லை. தையலக்கா காலையிலேயே எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். டீச்சரின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மறுநாளிலிருந்து, குழு வரும் நேரம் பார்த்து, சுத்தமான தட்டு நாலைந்தை எடுத்துக் கொஞ்சம் கறிக்குழம்பைத் தடவி வைக்க ஆரம்பித்தாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

தையல் எந்திரத்தை வேறு அவர்கள் ஜெப மேடை ஆக்கிவிட்டார்கள். அவள் வேலை செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம். எந்திரத்தின் மேல் வெள்ளை விரிப்பு, விரிப்பின் மேல் மாதா சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. நகர்த்திவிட்டுத் தைக்கலாம்தான். ஆனால் மாதாவைத் தூக்கி மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு சட்டைக்குக் காலர் தைக்க எந்தக் கிறிஸ்தவளுக்குக் கை வரும்?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைதான் வினையாக முடிந்தது.

பூசையில் பிரசங்கம் முடிந்ததும் விசுவாசிகளின் மன்றாட்டு வரும். அதில் நோயாளிகளுக்கான மன்றாட்டை எழுதி வாசிப்பது ஸ்டேஷன் மாஸ்டர். கணீரென்ற குரல். அந்தக் காலத்தில் அவர் அறிவித்தால் நிலையத்தில் தூங்குகிறவன் எழுந்து, தன் வண்டி இல்லை என்று தெரிந்தும் ஓடுவானாம். அந்தக் குரலில் அவர், "கால் முறிந்து வேதனைப்படும் நம் தையல் சகோதரிக்காக" என்று முதல் வாரம் வாசித்தார். அடுத்த வாரம், "தாங்கொணா வேதனையில் வாடும்" ஆயிற்று. அதற்கடுத்த வாரம், "படுக்கையே உலகமாகிவிட்ட." வாராவாரம் ஒரே மாதிரி வாசித்தால் ஜனங்களுக்குச் சலித்துவிடும் என்பது அவர் கருத்து. படுக்கையே உலகமாகிவிட்டவள் கடைசிப் பெஞ்சில் எழுந்து நின்று, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று தனக்காகத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவா போகிறது?

திங்கட்கிழமை ஒரு பெண் வந்தாள். தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டாள்.

"இல்லக்கா, நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. நேத்துக் கோயில்ல கேட்டதும் எனக்கு மனசே சரியில்ல. இந்த நெலமையில உங்களைத் தைக்கச் சொன்னா எனக்குத்தானே பாவம்?"

"எந்த நெலமையில? நான்தானேம்மா வந்து கதவைத் திறந்தேன்!"

"அந்தத் தைரியம்தான்க்கா உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அப்படி ஒவ்வொருவராக இரக்கப்பட்டார்கள். ஊரின் இரக்கத்துக்கு உலைமூடி ஏது? அலமாரி காலியாயிற்று. அலமாரி காலியானதால் அரிசிப் பானையும் இளைத்தது. பானை இளைத்ததைப் பார்த்த குழுவினர், "அடடா, குடும்பம் ரொம்பக் கஷ்டப்படுது" என்று வாரம் மூன்று நாள் வந்தவர்கள் ஆறு நாள் வர ஆரம்பித்தார்கள். உதவி ஏற ஏற வரும்படி இறங்கியது. வரும்படி இறங்க இறங்க உதவி ஏறியது.

புருஷனிடம் சொன்னால், அவர் டீச்சர் கொண்டுவந்த பாத்திரத்தின் அடியை வழித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப என்ன குறைஞ்சு போச்சு உனக்கு? உக்காந்த இடத்துல சாப்பாடு வருது. கால் ஆறிப்போச்சுன்னு ஊரெல்லாம் தண்டோரா போடணுமா?"

"உங்களுக்குச் சட்டை இறுக்குதுன்னு நேத்து சொன்னீங்களே, அதைப் பிரிச்சு விடக்கூட எனக்கு மெஷின் இல்ல. தெரியுமா?"

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

தையலக்கா நேரே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கே நடந்து போனாள்.

"அண்ணே, எனக்கு உடம்பு சரியாயிருச்சு. என்னை விட்டுருங்க."

"அதை நீயே சொன்னா எப்படி தங்கச்சி? ஓடுற வண்டியிலேருந்து குதிக்கிற மாதிரி இல்ல இருக்கு. குழுக் கூட்டத்துல பேசி முடிவு பண்ணணும்."

"அப்ப கூட்டத்துக்கு நான் வரேன்."

"நோயாளி கூட்டத்துக்கு வரக் கூடாது. விதி."

"நான்தான் நோயாளி இல்லையே!"

"அது கூட்டத்துல முடிவாகணும்" என்றார் அவர் பொறுமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரே ஒரு வாரம் தங்கச்சி. வர்ற ஞாயிறு பிஷப் வர்றார். ஆயரே வந்து பூசை வைக்கிறார். ஒவ்வொரு குழுவும் தன் பணியைக் காணிக்கைப் பவனியில கொண்டுபோய்க் காட்டணும். பாடகர் குழுவுக்குப் பாட்டு இருக்கு. இளைஞருக்கு மரக்கன்று இருக்கு. எங்களுக்கு யாரு இருக்கா? நீ ஒருத்திதான். சக்கர நாற்காலிகூட இரவல் வாங்கிட்டேன். நீ உக்காந்து பூசைக்கான அப்பத் தட்டைப் பிடிச்சுக்க, நான் தள்ளிட்டுப் போறேன். அவ்வளவுதான்."

"சக்கர நாற்காலியா! அண்ணே, நான் இப்ப மாடிப்படி ஏறி வந்து உங்க முன்னாடி நிக்கிறேன்!"

"அதான் மூச்சு வாங்குது, பாரு. உக்காரு."

திரும்பி வரும் வழியில், பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்தும் மறைக்கல்வி சிஸ்டர் எதிர்ப்பட்டார். புதுநன்மை என்று முதல் தடவையாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் வெள்ளைச் சட்டையும் வருஷாவருஷம் தையலக்காதான் தைப்பாள். அந்த ஒரு வேலையில் வரும் காசுதான் அரை வருஷ வாடகை.

"அக்கா, சங்கடமா இருக்கு" என்றார் சிஸ்டர். "அம்மாக்கள் எல்லாம் பயப்படுறாங்க. பாதி தைச்சு நின்னு போச்சுன்னா பிள்ளைங்க என்ன பண்ணும்னு கேக்குறாங்க. கடையில ரெடிமேடா வாங்கிடலாம்னு பேச்சு. ஞாயிறு பூசை முடிஞ்சதும் எல்லாரையும் வச்சு முடிவு பண்ணப் போறோம்."

தையலக்காவுக்குக் கால் முறிந்தபோதுகூட அப்படி வலித்ததில்லை. அதே பூசையில், அதே அம்மாக்கள் கண்ணுக்கு முன்னால், அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் சிஸ்டரே ஆனாலும் அளவு நாடாவை அவள் கையில் கொடுப்பாரா? மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால், ஆயருக்கு முன்னால் பத்துப் பேரும் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அதில் அந்தப் பேசினைப் பிடித்த கையும் ஒன்று.

வாரம் முழுவதும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் டீச்சர் பக்கமே மிஞ்சியது. சனிக்கிழமை மதியம் புருஷனிடம், "போய்த்தான் உக்காரப் போறேன். கவுனையெல்லாம் வர்ற வருஷம் பாத்துக்கலாம். நீங்களும் நல்லதா ரெண்டு வீடு பிடிச்சுப் பெயின்ட் அடிங்க" என்றாள். அவர் முதல் தடவையாகச் சாப்பாட்டை மிச்சம் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஆயர் பீடத்தின் முன்னால் நின்றார். பாட்டுத் தொடங்கியது. மரக்கன்று போயிற்று, பழக்கூடை போயிற்று. கடைசியில் சக்கர நாற்காலி. வேஷம் போட்டால் ஆடித்தானே ஆக வேண்டும்? தையலக்கா போர்வையைக் காலில் மூடிக்கொண்டு, அப்பத் தட்டை மடியில் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். இரண்டு பக்கமும், "ஐயோ பாவம்", "எப்படி இருந்தவ" என்று முனகல் கேட்டது. சிஸ்டர் ஒரு தாயிடம் என்னவோ சொல்ல, அந்தத் தாய் தலையை ஆட்டினாள். போயிற்று கவுன் என்று தையலக்கா நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கோயிலின் நடைபாதை வாசலிலிருந்து பீடம் வரை மெல்ல மேடேறும். நடக்கிறவர்களுக்குத் தெரியாது, தள்ளுகிறவருக்குத் தெரியும். ஸ்டேஷன் மாஸ்டர் ஒல்லி. விரதமிருந்து, வெறும் வயிற்றோடு, விடியலிலிருந்து காலி நாற்காலியைத் தள்ளி ஒத்திகை பார்த்திருக்கிறார். காலி நாற்காலி சுலபமாகத்தான் போயிற்று. ஆனால் தையலக்கா, சூப்பும் ஓய்வுமாக நன்றாகத் தேறியிருந்தாள்.

பாதி வழியில் நாற்காலி நின்றது. பின்னால் புஸ் புஸ்ஸென்று சத்தம்.

"அண்ணே?" என்றாள் தையலக்கா உதட்டை அசைக்காமல்.

"ஒண்ணுமில்ல. சிக்னல் விழல."

நாற்காலி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். மனுஷனின் முகம் விரிப்பு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கை நாற்காலியில், இன்னொரு கை நெஞ்சில். கண் செருகிக்கொண்டு வந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. தட்டைப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, போர்வையை உதறி எழுந்தாள்.

"எழுந்திரிக்காதே! நீ நோயாளி!" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், விழுந்துகொண்டே.

"அட, உக்காருங்கண்ணே முதல்ல!"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, துணி மூட்டையை மேஜையில் போடுவது போல அவரை நாற்காலியில் போட்டாள். போர்வையைப் போர்த்தினாள். யாரோ நீட்டிய தண்ணீரைக் குடிக்க வைத்தாள். நிறம் திரும்பியது. பாடகர் குழு பாட்டு முடிந்துபோய், வேறு வழி தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தது. ஆயர் அங்கே நிற்கிறார். அப்பம் இங்கே நிற்கிறது. தையலக்கா தட்டைத் திரும்ப வாங்கி அவர் மடியில் வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலியை ஒரே தள்ளாகப் பீடம் வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

கோயிலே எழுந்து நின்றது. "எழுந்து நடந்துட்டா!" என்று ஒரு குரல். நாலைந்து பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண்மணி தரையை முத்தமிட்டாள்.

ஆயர் குனிந்து, "என்னம்மா இது?" என்றார்.

"அற்புதமெல்லாம் இல்ல ஆயர் ஆண்டவரே. கட்டுப் பிரிச்சு ஆறு வாரமாச்சு. நல்லாத்தான் நடக்கிறேன். இவங்க பாத்துக்கிட்டது அப்படி." அவள் நாற்காலியைக் காட்டினாள். "இவரைத்தான் இனிமே கொஞ்சம் பாத்துக்கணும்."

ஆயர் அப்பத் தட்டை வாங்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, "ஒரு நோயாளியை இப்படித் தேத்தி, திரும்பத் தங்களையே தூக்கிட்டு வர வச்ச குழுவை நான் வேற எந்தப் பங்குலயும் பாத்ததில்ல" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாற்காலியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர், பச்சைக்கொடி பார்த்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் அம்மாக்கள் தையலக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆளையே தூக்கினவங்களுக்கு ஊசி தூக்க முடியாதா?" என்றாள் ஒருத்தி. சிஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"கவுனும் சட்டையும் சேர்த்து நாப்பது ஆகும். புதுநன்மைப் பெருவிழாவுக்குள்ள முடியுமா அக்கா?"

"முடியும் சிஸ்டர். துணியை நாளைக்கே அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணுதான். தைச்சு முடிக்கிற வரைக்கும் வீட்டுக்கு யாரும் வரக் கூடாது."

"யாரும்னா?"

தையலக்கா நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்து நிழலில், குழுவினர் நின்றிருந்தார்கள். ஆயரே பாராட்டியும் முகத்தில் களையில்லை. கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்பிவிட்ட வீட்டுக்காரர்கள் மாதிரி, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். சூப் டீச்சர் மூக்கை உறிஞ்சினார்.

தையலக்கா பெருமூச்சு விட்டாள்.

"சரி சிஸ்டர். பட்டன் வைக்கத் தெரிஞ்சவங்க மட்டும் வரலாம்."

பத்துக் கைகள் உயர்ந்தன. நாற்காலியிலிருந்தும் ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றுக்குக்கூட ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.