கை மட்டும் தெரிந்தால் போதும்

பட்டறையில் ஒரு முக்காலியும் ஒரு ஜன்னலும்தான் கடைசல்காரரின் மனைவிக்குச் சொந்தம். மற்றதெல்லாம் அவருடையது. லேத்தில் மரக்கட்டையைச் சுழலவிட்டு அவர் உளியால் கிண்ணம் குடைவார். குடைந்ததை அவள் வழவழப்பாக்குவாள். யார் கேட்டாலும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"கிண்ணம் பண்றது நான். அவ சும்மா தேய்ச்சுக் கொடுப்பா. பாத்திரம் விளக்குற மாதிரிதான்."

அவள் பாத்திரமும் விளக்கினாள் என்பதால் மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று.

தேய்ப்பதற்கான கருவிகளை அவளே செய்துகொண்டாள். கடையில் விற்பதெல்லாம் அவருக்கு வீண் செலவு. துடைப்பம் தேய்ந்துபோனதும் மிஞ்சிய கைப்பிடி, ஓடாத மின்விசிறியிலிருந்து கழற்றிய பேரிங், வார் அறுந்த ரப்பர் செருப்பு. செருப்பை வட்டமாக வெட்டி பேரிங்கில் பொருத்தி, அதைக் கைப்பிடியின் நுனியில் மாட்டி, மேலே உப்புத்தாள் ஒட்டினாள். கிண்ணம் சுழலும்போது உள்பக்கத்தை லேசாகத் தொட்டால் போதும், செருப்பு வட்டம் தானாகச் சுழன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அழுத்தினால் மரம் கருகிவிடும்.

இன்னொன்று பிடிச்சட்டம். கிண்ணத்தின் உள்ளும் வெளியும் முடிந்த பிறகு அடிப்பாகம் மட்டும் சொரசொரவென்று நிற்கும். லேத் அதுவரை அதைத்தானே பிடித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் பிடித்தால்தான் அதைச் சரி செய்யலாம். வழுக்குகிற கிண்ணத்தை எதைக் கொண்டு பிடிப்பது? அவள் இரண்டு ப்ளைவுட் வட்டங்களை எடுத்து, ஒன்றின் நடுவில் பெரிய ஓட்டை போட்டாள், மற்றதை லேத்தில் மாட்டினாள். இரண்டுக்கும் நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்தால் அடிப்பாகம் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும். சுற்றிலும் நீள போல்ட்டுகள், விரலால் திருகுவதற்குக் காது வைத்த நட்டுகள், மரத்தில் வடு விழாமலிருக்க சைக்கிள் ட்யூப் துண்டுகள். நட்டை இரண்டு விரலால் திருக வேண்டும். விரல் 'போதும்' என்கிற இடத்தில் விட்டுவிட வேண்டும். அந்த இடம் எது என்று தெரிந்துகொள்வதற்குள் அவள் வாங்கிய வசவு கொஞ்சமில்லை.

ஜன்னலில் ஒரு கிண்ணம் இருந்தது. முடிச்சு விழுந்த கட்டை என்று அவர் பாதியில் ஒதுக்கியது. "இது எனக்கு" என்று அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். முடிச்சைச் சுற்றிப் புகை மாதிரி வரிகள் ஓடின. கை ஒழிந்தபோதெல்லாம் தேய்த்து உள்ளும் வெளியும் முடித்திருந்தாள். இத்தனை கிண்ணம் வெளியே போன வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். போன் இல்லாவிட்டால் தனக்குக் கை இருப்பதே மறந்துபோகிற மனிதர். மாமனார் அடுக்கிக் காட்டிய கிண்ணங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த செருப்புக் கருவியைக் கையில் எடுத்தார்.

"மாமா, கிண்ணம் ஊர் உலகத்துல எல்லாரும் பண்றாங்க. இதை யார் பண்றா? இதை வீடியோ எடுத்துப் போடுவோம்."

கடைசல்காரர் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் நம்ம பட்டறையில பண்ணதுதான் மாப்பிள்ளை."

முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'இவ பண்ணது' என்று அவர் வாயால் ஒருமுறை, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

படம் பிடிக்க ஆரம்பித்ததும் கடைசல்காரர் செருப்புக் கருவியை உளி பிடிப்பது போலப் பிடித்து அழுத்தினார். அது துள்ளியது. கிண்ணத்துக்குள் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. மறுபடி செய்தார், இன்னொரு வளையம். மாப்பிள்ளை போனை இறக்கிவிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

மாமாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அத்தை செய்துகாட்டினால் என்ன என்பது அவருடைய யோசனை. மாமா பேசுவாராம். கை மட்டும் தெரிந்தால் போதுமாம்.

"ஏன் மாப்பிள்ளை, என் கை என் கையாவே இருந்தா உங்க போன் பிடிக்காதா?"

மாப்பிள்ளை சிரித்தார். குரல் ஒருத்தருடையது, கை இன்னொருத்தருடையது என்றால் பார்க்கிறவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று விளக்கினார். மகளும் போனில் அதையே சொன்னாள். அப்பாவுக்கு இருப்பது இந்த ஒரு பெருமைதான், அதையும் அம்மா பங்கு கேட்க வேண்டுமா என்றாள்.

சட்டையைப் போட்டுக்கொண்டாள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி ஜன்னலில் வைத்தாள். லேத்தின் முன்னால் நின்றபடி கணவரிடம் திரும்பினாள்.

"என்னங்க, கடைசியில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதைப் பண்ணது யாருன்னு."

"சொல்லாம இருப்பேனா? நீ வேலையைப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். செருப்பு வட்டம் கிண்ணத்துக்குள் முனகலாகச் சுழன்றது. மாவு போல மரத்தூள் பறந்தது. பிடிச்சட்டத்தில் கவிழ்த்து நட்டுகளை இரண்டு விரலால் திருகினாள். பின்னால் அவர் குரல் கணீரென்று ஒலித்தது. "நல்லா இறுக்கணும். பேருக்கு இறுக்கினா பத்தாது." அவள் விரல்கள் அதைக் கேட்கவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "இதெல்லாம் நான் ராப்பகலா யோசிச்சுப் பண்ணது."

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கடைசல்காரரின் அக்கா அவளைத்தான் போனில் கூப்பிட்டாள்.

"என் தம்பி கையைப் பாத்தியாடி? பூ மாதிரி போகுது. இத்தனை வருஷம் பக்கத்துலயே இருக்கே, உனக்கு அதுல கால்வாசி வந்திருக்கா?"

"கை நல்ல கைதான் அண்ணி" என்றாள் அவள்.

அன்று சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டாள். சொல்கிறேன் என்றாரே, ஏன் சொல்லவில்லை? அவசரத்தில் மறந்துவிட்டதாம். அவளும் அவரும் வேறு வேறா, இரண்டும் ஒன்றுதானாம்.

"ஒண்ணுதான்னா என்னைச் சொல்லியிருக்கலாமே."

பதில் சொல்ல முடியாத இடங்களில் அவர் போய் லேத்தைப் போட்டுவிடுவார். அன்றும் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் போட்டார். அந்த இரைச்சலில் யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது.

பிறகு மரவேலைக்காரர்கள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது. கூட்டத்தின் முன்னால், மேடையில், அதே கருவிகளை வைத்து அவர் செய்துகாட்ட வேண்டும் என்றார்கள். வந்தவர் கேட்டு முடிப்பதற்குள் கடைசல்காரர் சரியென்று தலையாட்டிவிட்டார். வந்தவர் போன பிறகுதான் இவர் முகம் வெளுத்தது. ஆனாலும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. போவதற்கு முந்தின நாள் கருவிகளைப் பையில் எடுத்து வைக்கச் சொன்னார்.

அவள் பையை எடுக்காமல் நின்றாள்.

"நானும் வர்றேன். நான் பண்ணிக் காட்டறேன், நீங்க பேசுங்க. உங்க பேச்சை நான் எடுத்துக்க மாட்டேன். இவ பண்ணதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அங்க வந்து நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கலாம்னு பாக்கிறியா?"

"மானம் போகாதுங்க. பொண்டாட்டி பண்ணான்னு சொன்னா போற மானமா உங்களது?"

"வீடியோ பாத்தவன் என்ன நினைப்பான்? இவன் பொய்யன்னு நினைக்க மாட்டானா?"

அவள் உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

பட்டறையில் லேத் ஓடத் தொடங்கியது. பழகிப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். லேத் நின்றது. நட்டில் குறடு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. விரலால் திருக வேண்டியதைக் குறடு போட்டு இறுக்குகிறார். தான் வீடியோவில் சொன்னதைத் தானே நம்பிவிட்டார் இந்த மனுஷன். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் கையைத் தரையில் ஊன்றினாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

டப் என்று ஒரு சத்தம்.

அவர் அடுக்களை வாசற்படியில் வந்து நின்றார். ஒரு கையில் குறடு. இன்னொரு கையில் இரண்டாகப் பிளந்த கிண்ணம். பிளவு முடிச்சின் நடுவே ஓடியிருந்தது. புகை போன்ற வரிகள் பாதி இங்கும் பாதி அங்குமாக நின்றன. பழகிப் பார்க்க, அடிப்பாகம் மட்டும் முடியாத கிண்ணம் அவருக்கு வேண்டியிருந்தது. ஜன்னலில் கைக்கு எட்டிய இடத்தில் அது இருந்தது.

"உன் சட்டம் சரியில்ல. மரத்தைப் பொளந்துடுச்சு பாரு. என்னத்தைப் பண்ணி வச்சிருக்கே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் சட்டமா?"

"பின்னே யாரோடது? நீ பண்ணதுதானே?"

இத்தனை நாள் கேட்டுக் கிடைக்காத வார்த்தை. நாலு பேர் இல்லை, கூட்டம் இல்லை. வெங்காயத் தோலும் அவளும்தான் கேட்டார்கள்.

"ஆமா. நான் பண்ணதுதான்" என்றாள்.

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். போட்டுவிட்டு நிற்க அடுக்களையில் லேத் இல்லை. குரலை இறக்கிக்கொண்டு, நாளைக்கு மேடையில் என்ன செய்வது என்று கேட்டார்.

"அந்தச் சட்டையைத் துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். போட்டுக்கிட்டுப் போங்க. கை தானா வரும்."

அவர் போகவில்லை. அவள் வேறு ஏதாவது சொல்வாள் என்பது போல அங்கேயே நின்றார். அவள் கைநீட்டி அந்த இரண்டு துண்டுகளையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றின் உள்பக்கத்தில் கட்டைவிரலை மெல்ல ஓட்டிப் பார்த்தாள். எங்கும் தட்டவில்லை. அடிப்பாகம் மட்டும்தான் பாக்கி.