அர்த்தம் சொன்னவள்

வெள்ளத்துரை பஞ்சைச் சொம்புத் தண்ணீரில் நனைத்து மனைவியின் உதட்டில் பிழிந்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து காதோரம் இறங்கியது. தங்கலட்சுமி பேசிக்கொண்டே இருந்தாள்.

மூளையில் அடைப்பு என்றார்கள். அதோடு தமிழ் போய்விட்டது. மிஞ்சியது பாளையம்பட்டி ஜெபவீட்டில் ஆவி வந்து கண்ணை மூடி நின்று பேசிய, யாருக்கும் விளங்காத அந்நிய பாஷை மட்டும். அறுத்த காட்டில் காற்று போகிற மாதிரி தாழ்வாக, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. சன்னலுக்கு வெளியே பரளச்சி ஊர்க் கரிசல்காடு வெயிலில் அலையடித்தது. அவருக்குக் கண் சொருகியது.

"ஏத்தா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒன்னைய எங்க வைக்க? நம்ம சுடுகாட்டுலயா, ஒங்க சபைக் காட்டுலயா?"

அவள் நீளமாக ஏதோ சொன்னாள். நடுவில் சிரித்த மாதிரிகூட இருந்தது.

கட்டில் காலடியில் ரேணுகாதேவி உட்கார்ந்திருந்தாள். தையல்கடைக்காரி. சபையில் யார் பாஷை பேசினாலும் அதற்கு அர்த்தம் சொல்கிற வரம் அவளுக்குத்தான் என்பார்கள். காலையிலேயே டவுன் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றா?"

ரேணுகாதேவி கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். "கர்த்தர் அர்த்தம் குடுக்கலண்ணே."

"சும்மா ஒரு வார்த்தை சொல்லேன்."

"நானாச் சொன்னா பொய்யாயிரும்."

நிலைப்படியில் சாய்ந்திருந்த தம்பி சௌந்தரபாண்டியன் செருமினான். "இது என்ன கேள்வின்னு கேக்கேண்ணே. நம்ம சுடுகாடு இருக்கு, வெறகு கெடக்கு. சாமியாடி பொண்டாட்டிய வேதக்காரக மாதிரிப் பொதைச்சிட்டு மாசிக் களரிக்குக் கோயிலுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவ? ஒங்கையில எவன் அரிவாளக் குடுப்பான்?"

வெள்ளத்துரை பஞ்சை மறுபடி நனைத்தார்.

அப்பா போனபிறகு கருப்பசாமி அவர்மேல்தான் இறங்கினார். உறுமி கேட்கும். அரிவாள் கைக்கு வரும். அப்புறம் ஒரே வெள்ளையாக இருக்கும். நினைவு திரும்பி வரும்போது முதலில் தெரிவது சொம்பு. அதற்குப் பின்னால் தங்கலட்சுமி. ஞானஸ்நானம் எடுத்த பிறகு கோயிலுக்குள் அவள் வருவதில்லை. பொட்டில்லாத நெற்றியோடு வெளிச்சுவரை ஒட்டி நிற்பாள். கையில் அதே சொம்பு. அதை வாங்கியபடி ஒவ்வொரு வருசமும் அவர் கேட்பார்.

"நான் என்ன சொன்னேன்?"

"மழை வரும்னு சொன்னீக."

"வேற?"

"அம்புட்டுத்தான். குடிங்க."

வெள்ளத்துரை தம்பியைப் பார்த்தார். "ஏலே, போன களரியில நான் மழை வரும்னு சொன்னேனா?"

"நீயா?" சௌந்தரபாண்டியன் சிரித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "நீ சொல்றது எந்த வருசம் எவனுக்கு வெளங்கியிருக்கு? கண்ண உருட்டுவ, என்னமோ கத்துவ. மதினிகிட்டக் கேட்டுட்டுத்தான வெத வாங்குவோம்."

"அவ வேதத்துக்குப் போன பெறகுமா?"

"பெறகுந்தான். வேற ஆருகிட்டக் கேக்க?"

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். குனிந்து அவள் வாயருகே காதைக் கொடுத்தார். இப்போது வார்த்தையைத் தேடவில்லை. ஓசை வெதுவெதுப்பாகக் காதில் பட்டது. தூரத்தில் உறுமி கேட்கிற மாதிரி இருந்தது. வெளிச்சுவரும், அதன் நிழலும், நிழலில் அவள் நிற்பதும் தெரிந்தது. பிறகு வெள்ளையாகிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"ஸ்தோத்திரம்," என்றாள் ரேணுகாதேவி, மெதுவாக.

சௌந்தரபாண்டியன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் மதினியின் காலைப் பார்த்தபடி நின்றான்.

"வெறகுக்குச் சொல்லிவிடவாண்ணே?"

"பொதைக்கச் சொன்னா."

"ஆரு?"

"இவதான். இப்ப."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"களரியில நான் சொன்னது இவளுக்குத் தெரிஞ்ச மாதிரித்தான்."

ரேணுகாதேவி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு தங்கலட்சுமியின் முந்தானையை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினாள்.

சாயங்காலம் பாளையம்பட்டியில், சபைக்குச் சொந்தமான கருவேலங்காட்டு ஓரத்தில் குழி வெட்டியிருந்தார்கள். சௌந்தரபாண்டியன் ரோட்டிலேயே பைக்கை நிறுத்திக்கொண்டான். இறங்கவில்லை. போகவும் இல்லை.

மண் தள்ளி முடிந்ததும் சபையார் வட்டமாக நின்று கண்ணை மூடினார்கள். ஒவ்வொருவராகத் தொடங்கி எல்லாக் குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. வெள்ளத்துரை வட்டத்துக்கு வெளியே நின்றார். கையில் சொம்பு இருந்தது. வேனில் ஏறும்போது யாரோ வாங்கப் பார்த்தார்கள். அவர் கொடுக்கவில்லை.

குரல்கள் அடங்கின. ரேணுகாதேவி கண்ணைத் திறந்தாள். எங்கே நிற்கிறோம் என்று தெரியாதவள்போல மண்மேட்டைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

வெள்ளத்துரை நடந்துபோய்ச் சொம்பை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள்.