மூன்றாம் பாட்டு

சிதம்பரம் கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்த இசைத்தட்டு 1968 தை மாதம் கடலூருக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் பஞ்சநாதனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து பேச்சே போயிருந்தது. இருபது வருடம் மேடையில் பாடியவருக்கு இனி அந்தத் தட்டில் இருப்பதுதான் குரல்.

மனைவியின் தம்பி சடையப்பனும் பாட்டுக் கேட்க வந்திருந்தான். பஞ்சநாதன் மூன்றாம் பாட்டுக்காகக் காத்திருந்தார். கச்சேரியன்று அந்தப் பாட்டில் கிட்டாரும் டிரம்மும் ஓய்ந்தபின் அவர் குரல் மட்டும் தனியே மேலே ஏறி நின்றது. அதற்குமுன் ஒருநாளும் அவர் அப்படிப் பாடியதில்லை.

அந்த இடம் வந்தது. குரல் ஏறத் தொடங்கியதுமே மைக்கில் வேறொரு குரல் அதை மூடியது.

"தேவனாம்பட்டினம் சடையப்பன், தன் மாமாவுக்கு மலர்மாலை அணிவிக்கிறார்!"

கைதட்டல் அடங்கியபோது பாட்டு முடிந்திருந்தது. பாட்டின் நடுவே மாலை போட்டுப் பேர் சொல்வது எல்லா மேடையிலும் நடப்பதுதான். அன்று பதிவு நடப்பதை மச்சானிடம் சொல்லிவைக்க அவர்தான் மறந்திருந்தார்.

"எம் பேரு எம்மாந் தெளிவா வுழுந்திருக்குது பாத்தியா மாமா! யக்கா, நீயும் வந்து கேளு. இன்னொரு தபா போடு மாமா."

பஞ்சநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காற்றுதான் வந்தது. ஊசியைத் தூக்கி, மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் வைத்தார்.